ஐந்து இருக்கைகள்

பத்தொன்பது வருடம் ஏழு டிகிரிக் குளிரில் நின்றேன்.
ஆட்டின் தோள் என் கத்திக்கு வரும்,
எலும்பில்லாமல் அடுத்த மேசைக்குப் போகும்.
என் தோள் மட்டும் வீட்டுக்கு வந்த பிறகும்
ஷிப்ட் முடியாமல் கிடக்கும்.

ஜூனில் ஆலையை மூடினார்கள்.
கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தில்
கூரை மாற்றலாம் என்றான் டூகல்.
நியாயம்தான்.
சமையலறையில் இரண்டு வாளி, நடையில் ஒன்று.
நான் இன்வர்காகில் போய்
ஸ்பா தொட்டிக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தேன்.
"ஒழுகுற வீட்டுக்கு இன்னும் தண்ணியா?" என்று கேட்டான்.
அதற்குப் பிறகு ஒன்பது நாள்
எதுவும் கேட்கவில்லை.

ஆனால் கான்கிரீட் தளம் அவன்தான் போட்டான்.
பத்து சென்டிமீட்டர் கனம் போதும் என்றது கடை.
இவன் பதினைந்து போட்டான்.
"நிரம்பினா ஒன்றரை டன்.
உன் பிடிவாதத்தை அவங்க எடை போடலை."
கண் ரசமட்டத்தின் குமிழியிலேயே இருந்தது.

பக்கச் சந்தை அளந்தவள் நான்.
நாலு விரல் பிசகிவிட்டது.
கிரேனுக்குத் தனியாக அறுநூறு டாலர்.
தெருவே வெளியே வந்து நிற்க,
எங்கள் கூரைக்கு மேலே
தொட்டி கொஞ்ச நேரம் வானத்தில் இருந்தது
காலியாக, மெல்லச் சுற்றிக்கொண்டு.
எதிர்வீட்டு வினிஃப்ரெட் கைதட்டினாள்.
எந்தத் தகடு துருப்பிடித்திருக்கிறது என்று
இறங்கி வந்த கிரேன்காரனிடம் டூகல் விசாரித்தான்.
"எல்லாமே" என்றான் அவன்.

மின்சாரம் கொடுக்க டிபெனே வந்தான்,
தனி வயர், தனி சுவிட்ச், தனி பில்.
முதல் இரவு முப்பத்தெட்டு டிகிரி.
புல்லெல்லாம் உறைபனி.
கழுத்துவரை இறங்கினேன்.
இடது தோள் முதலில் நம்பவில்லை.
பிறகு, சொல்லாமல் கொள்ளாமல்,
அழுதது நானா அதுவா தெரியவில்லை.
நீராவியில் யாருக்கும் தெரியாது.

மூன்றாவது வாரம் தண்ணீர் கலங்கியது.
சோப்பு போகாத நீச்சலுடை,
வினிஃப்ரெட் வீட்டுப் பிள்ளைகளின் தலை கிரீம்,
என் சோம்பல்.
மேலே ஒரு சாண் நுரை, அடியில் சாம்பல் நிறம்.
மறுநாள் காலை பார்க்கிறேன்:
கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு
கையேட்டை முதல் பக்கத்திலிருந்து
படித்துக்கொண்டிருக்கிறான் டூகல்,
ஏதோ கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி.

அன்றிலிருந்து நாட்காட்டியில் அவன் கையெழுத்து.
திங்கள்: பிஹெச் 7.4, குளோரின் மூன்று.
செவ்வாய்: 7.6, கொஞ்சம் குறைக்கணும்.
சனிக்கிழமை ஃபில்டரைக் கழற்றி
மடிப்பு மடிப்பாக ஹோஸ் பிடிப்பான்.
என் தோள் எப்படி என்று
ஒருநாளும் கேட்டவனில்லை.
தண்ணீரைத் தினமும் கேட்டான்,
காகிதப் பட்டையை நனைத்து,
நிறம் மாறும்வரை வாய்க்குள் எண்ணி.
உள்ளே மட்டும் இறங்கவில்லை.
"எனக்கெதுக்கு?"

செப்டம்பரில் தண்ணீர் மாற்றும் நாள்.
குளோரின் போகட்டும் என்று
மூன்று நாள் மூடியைத் திறந்தே வைத்திருந்தான்.
பம்ப் போட்டதும் புல்வெளி முழுக்கப் பரவி
வேலியோரத்தில் தேங்கியது.
வாத்து இரண்டு வந்து பார்த்துவிட்டுப் போயின.

துணியோடு, ரப்பர் பூட்ஸோடு,
துடைக்க உள்ளே இறங்கினான்.
ஸ்பாஞ்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.
பிறகு கேட்கவில்லை.

எட்டிப் பார்த்தேன்.
ஐந்து இருக்கையில் மூலை இருக்கை,
தோளுக்கு நேரே நாலு துளை உள்ளது,
அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.
ஒரு துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தான்.
"இங்கதான் உக்காருவியா?"

"ஆமாம்."

"கொஞ்சம் சரிவா இருக்கே.
தளம் என் தப்பா?"

"இல்ல. அப்படித்தான் செஞ்சிருக்காங்க."

ஃபில்டர் குழிக்குள் ஹோஸைச் செருகி
குழாயைத் திறந்தேன்.
அடியிலிருந்து பச்சைத் தண்ணீர் ஏறியது,
பத்து டிகிரிகூட இருக்காது.
பூட்ஸின் குதிகால். கணுக்கால்.
சூடேற ஒரு நாள் பிடிக்கும் என்றேன்.
தெரியும் என்றான்.
எழுந்திருக்கவில்லை.